ஆங்கிலத்துப் பன்றியைத் தமிழில் என்ன செய்வது?

சொல்தேடி (திங்கள், காலை 9.10)

வணக்கம். அயர்லாந்து, இங்கிலாந்துக் கிராம வாழ்க்கையைப் பற்றிய பழைய ஆங்கிலக் கட்டுரைகள் சிலவற்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பக்கத்துக்கு ஒரு பன்றியாவது வந்துவிடுகிறது. தொழுவத்தில் கிடக்கிற பன்றி குறைவு, பேச்சில் வருகிற பன்றிதான் அதிகம். பார்க்காமல் பொருள் வாங்கி ஏமாந்தவர் ‘பைக்குள் இருந்த பன்றியை’ வாங்கிவிட்டார். நடக்கவே நடக்காத காரியம் ‘பன்றி பறக்கும்போது’ நடக்கும். பிடிவாதக்காரருக்குப் பன்றித் தலை.

பதிப்பாசிரியர் படியைத் திருப்பி அனுப்பினார். பன்றி வந்த இடமெல்லாம் சிவப்பு வட்டம். “நம் வாசகர்கள் முகம் சுளிப்பார்கள், வேறு உவமை போடுங்கள்” என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். அவர் பயப்படுவது எனக்கும் புரிகிறது. தமிழில் ஒருவரைப் பன்றி என்றால் அது வசவுதான். ஆனால் இந்தக் கட்டுரைகளில் எல்லாப் பன்றியும் வசவு இல்லை. ஓர் இடத்தில் அயர்லாந்துக் குடியானவர் தம் வீட்டுப் பன்றியை ‘வாடகை கட்டும் கனவான்’ என்கிறார். அதையும் வட்டமிட்டிருக்கிறார். அங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை.

நீங்களாக இருந்தால் பன்றியை அப்படியே வைப்பீர்களா, மாற்றுவீர்களா?

பழையபுத்தகம் (திங்கள், காலை 9.52)

மாற்றலாம் அம்மா. முப்பது ஆண்டு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வாசகர் அந்த விலங்கைத்தான் பார்ப்பார், கருத்தைப் பார்க்கமாட்டார்.

‘பிக் இன் எ போக்’ என்பதில் போக் என்றால் பை. சட்டைப் பாக்கெட் என்கிறோமே, அது அந்தச் சொல்லின் குட்டி. சந்தையில் பன்றிக்குட்டியைப் பையில் கட்டி விற்பார்கள், பிரித்துப் பார்க்காமல் காசு கொடுத்தால் உள்ளே என்ன இருக்குமோ என்ற எச்சரிக்கை அது. ஜான் ஹேவுட் 1546-இல் தொகுத்த பழமொழிகளிலேயே இருக்கிறது. இதே கருத்துக்குப் பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் பைக்குள் பூனையை வைக்கிறார்கள். கடல் ஒன்றைத் தாண்டியதும் பன்றி பூனையாகிவிட்டது! நம் ஊர்ப்பக்கம் ‘தண்ணீரில் கிடக்கிற எருமையை விலை பேசாதே’ என்பார்கள். கழுத்துக்குக் கீழே தெரியாத மாட்டுக்கு விலை சொன்னால் என்ன ஆகும்? அதே கதைதான். எருமையைப் போடுங்கள்.

அப்புறம் ‘பன்றிக்கு உதட்டுச்சாயம்’. 2008 செப்டம்பரில் ஒபாமா வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு கூட்டத்தில் அதைச் சொல்லப்போய், எதிர்க்கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினைத்தான் சொல்கிறார் என்று பெரிய சண்டையானது. பேலின் சில நாள் முன்புதான் தம்மைப் போன்ற அம்மாக்களைப் பற்றிப் பேசும்போது உதட்டுச்சாயத்தை வைத்து ஒரு வேடிக்கை சொல்லியிருந்தார். ஆனால் அதே தொடரை அவருடைய கட்சி வேட்பாளர் மெக்கெய்னே முந்தைய ஆண்டு ஹிலரி கிளின்டனின் மருத்துவத் திட்டத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார். அந்த ஊரிலேயே பழகிய தொடருக்கு அந்தப் பாடு. நம்மிடம் விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம் என்று கச்சிதமாக இருக்கும்போது பன்றி எதற்கு? முத்தைப் பன்றி முன் போடுவதற்குக் கழுதையும் கற்பூர வாசனையும் இருக்கின்றன. பறக்கும் பன்றிக்குக் குதிரைக் கொம்பு.

வடகடல் (திங்கள், மதியம் 12.30)

ஐயா, முத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ‘உங்கள் முத்துகளைப் பன்றிகள்முன் போடாதேயுங்கள்’ என்பது மத்தேயு 7:6. ஆங்கிலத்துக்கும் அது பைபிளிலிருந்து வந்ததுதான், டிண்டேலின் 1526 மொழிபெயர்ப்பிலேயே இருக்கிறது. எங்கள் பாட்டி, கூப்பிட்டுச் சொன்ன புத்தியைக் கேட்காத பேரன்களைப் பார்த்துத் தமிழில் இதையே சொல்வார். தமிழில் புழங்குகிற பன்றியைத் துரத்திவிட்டுக் கழுதையைக் கட்டுவது ஏன்?

நான் அபர்தீனில் செவிலியாக இருக்கிறேன். வந்த புதிதில் ஒரு முதியவர் இரவில் “படுக்கையில் ஒரு பிக் வேண்டும்” என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. பிறகுதான் மூத்த செவிலி சொன்னார், ஸ்காட்லாந்துப் பேச்சில் பிக் என்றால் மண்ஜாடி. வெந்நீர் ஊற்றிக் காலுக்கடியில் வைத்துக்கொள்ளும் சுட்டமண் குடுவையும் பிக்தான். விலங்குக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

இந்தக் கரையின் பழைய மீனவர்கள் கடலில் பன்றி என்ற சொல்லையே வாயால் சொல்லமாட்டார்களாம். சொன்னால் ஆகாது. யாராவது தவறிச் சொல்லிவிட்டால் உடனே கையருகில் இருக்கும் இரும்பைத் தொடுவார்கள். பன்றியைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் ‘உறுமுகிறவன்’ என்ற பொருளில் வேறு பெயர். நம் ஊரில் இரவில் பாம்பு என்று சொல்லாமல் பூச்சி என்கிறோமே, அதேதான். அதனால் ஆங்கிலத்தில் பன்றி என்றால் அழுக்கு என்று ஒரே பொருள் கொள்ளாதீர்கள். சொல்லவே அஞ்சிய பன்றியும் இருக்கிறது.

என் தொழிலில் வருகிற இரண்டையும் சொல்லிவிடுகிறேன். ‘பன்றி மாதிரி வியர்க்கிறது’ என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். பன்றிக்கு வியர்வை அநேகமாக இல்லை, வெயிலில் உடம்பைக் குளிர்விக்கத்தான் சேற்றில் புரள்கிறது. நிழலும் நல்ல தண்ணீரும் கிடைத்தால் அது சுத்தமான பிராணி. அப்புறம் ‘கினிப் பிக்’. அது பன்றியும் இல்லை, கினி நாட்டிலிருந்து வந்ததும் இல்லை, ஆண்டிஸ் மலைப்பக்கத்துக் கொறிவிலங்கு. அதன் அறிவியல் பெயரிலும் குட்டிப்பன்றி என்றே வைத்துவிட்டார்கள். புது மருந்தை முதலில் யார்மீது பரிசோதிப்பது என்ற பேச்சு வந்தால் ஆங்கிலத்தில் இந்தப் பெயர் வரும். தமிழ்ச் செய்தித்தாள் ஏற்கெனவே ‘சோதனை எலி’ ஆக்கிவிட்டது. அங்கே எலியே சரி.

கோவைவார்ப்பு (திங்கள், மாலை 6.15)

வேலை முடிந்து வந்து படித்தேன். எங்கள் தொழிலில் தினமும் இருக்கும் பன்றியை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

நாங்கள் பவுண்டரி வைத்திருக்கிறோம். பம்பு, மோட்டார் உறைகள் வார்க்கிறோம். லாரியில் வந்து இறங்கும் மூலப்பொருள் பிக் அயர்ன். தொழிலாளிகள் யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை. “அண்ணா, பிக் தீர்ந்துபோச்சு”, “இந்த பிக்ல சிலிக்கான் கம்மி” என்றுதான் பேச்சு. என் அப்பா காலத்திலிருந்து கேட்கிறேன், அது பன்றி என்று எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

பழைய ஊதுலையில் இரும்பு உருகி அடியில் நின்றதும் வாயைத் திறந்துவிடுவார்கள். முன்னால் ஈரமணலில் நீளமாக ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கும். அதன் பக்கவாட்டில் வரிசையாகச் சிறு சிறு குழிகள். உருகிய இரும்பு நடு வாய்க்காலில் ஓடிக் கிளை பிரிந்து குழிகளை நிரப்பும். மேலே நின்று பார்த்தால் படுத்துக் கிடக்கிற தாய்ப்பன்றியும், அதன் மடியில் வரிசையாக முட்டி நின்று பால் குடிக்கிற குட்டிகளும் போல இருக்கும். நடு வாய்க்காலுக்கு ‘தாய்ப்பன்றி’ என்றே பெயர், குழிகளில் உறைந்த கட்டிகள் ‘பிக்’. ஆறியதும் சம்மட்டியால் தட்டித் தாயிடமிருந்து குட்டிகளைப் பிரிப்பார்கள். கரி 4 சதவீதத்தை ஒட்டி இருப்பதால் கட்டி எளிதில் உடையும்.

இப்போது மணலில் ஊற்றுவதில்லை, இயந்திரத்தில் அச்சுகள் சங்கிலியாக ஓடுகின்றன. தாய் போய்விட்டது, குட்டிக்குப் பெயர் மட்டும் நிற்கிறது. இந்தப் பெயரை வைத்தவன் பன்றியை வெறுத்தவனாக இருக்கமுடியாது. உலைக்கு முன்னால் அந்த வெக்கையில் நின்றவனுக்குப் பால் கொடுக்கிற தாய் ஞாபகம் வந்திருக்கிறது.

குழாய்வழி (திங்கள், இரவு 8.40)

கோவை அண்ணனுக்கு வணக்கம். வளைகுடாவில் எண்ணெய்க் குழாய்ப் பராமரிப்பில் இருக்கிறேன். குழாயின் உட்புறத்தைச் சுத்தம் செய்யவும் அரிப்பைச் சோதிக்கவும் உள்ளே தள்ளிவிடுகிற கருவிக்கும் பிக் என்றுதான் பெயர். ஒரு முனையில் விடுவோம், எண்ணெயின் அழுத்தமே அதைத் தள்ளிக்கொண்டு போகும், மறுமுனையில் வாங்கிக்கொள்வோம். குழாய்க்குள் போகும்போது எழுப்புகிற கீச்சொலியால் வந்த பெயர் என்று எங்கள் மூத்தவர்கள் சொல்வார்கள். “இன்னிக்கு பிக் விடுறோம்” என்று ஊருக்குப் போனில் சொன்னால் அம்மா இன்னும் பதறுவார்.

தீவுக்காற்று (செவ்வாய், காலை 7.05)

உண்டியலை விட்டுவிட்டீர்களே. ‘பிக்கி பேங்க்’ என்ற பெயருக்கு இணையத்தில் ஒரு கதை உலவுகிறது. ‘பிக்’ என்ற ஆரஞ்சு நிறக் களிமண் இருந்ததாம், அதில் செய்த ஜாடியில் காசு போட்டார்களாம், பிறகு ஒரு குயவர் தவறாகப் புரிந்துகொண்டு பன்றி உருவில் செய்துவிட்டாராம். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அப்படி ஒரு களிமண் பெயருக்குச் சான்று காட்ட முடியாமல் சொல்லாராய்ச்சியாளர்கள் அதைத் தள்ளிவிட்டார்கள். வடகடல் அக்கா சொன்ன ஸ்காட்லாந்து மண்ஜாடிதான் உண்மையில் இருந்த சொல்.

நான் ஜகார்த்தாவில் வேலை பார்க்கிறேன். இங்கே தேசிய அருங்காட்சியகத்தில், ஜாவாவை ஆண்ட மஜாபாகித் அரசுக் காலத்துச் சுட்டமண் உண்டியல் இருக்கிறது. காட்டுப்பன்றி உருவம், முதுகில் காசு போடும் கீறல். உடைந்த துண்டுகளை ஒட்டி நிறுத்தியிருக்கிறார்கள். 14, 15-ஆம் நூற்றாண்டுப் பொருள்கள் இவை. இந்தோனேசிய மொழியில் உண்டியலுக்குச் செலெங்கான் என்று பெயர், செலெங் என்றால் காட்டுப்பன்றி. ஆங்கிலக் குழந்தையின் பீங்கான் பன்றிக்குப் பல நூற்றாண்டு முன்பே இங்கே பன்றி வயிற்றில் காசு சேர்ந்திருக்கிறது.

நம்மிடமும் உண்டே! ‘ஆயிரம் வராகன்’ என்று கதைகளில் படிக்கிறோம். அந்தத் தங்கக்காசுக்குப் பெயர் வராக முத்திரையால் வந்தது. வராகம் என்றால் தங்கம், கோயில், பெருமாள். பன்றி என்றால் முகச்சுளிப்பு. பதிப்பாசிரியர் வட்டமிட்டது விலங்கையா, சொல்லையா?

பழையபுத்தகம் (செவ்வாய், காலை 10.20)

நல்ல கேள்வி. என் கட்சியில் கொஞ்சம் தளர்கிறேன்.

தீவுக்காற்று சொன்ன இரண்டு சொல் கதை ஆங்கிலத்திலும் உண்டு. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் ஆண்டவர்கள் பேசியது பிரெஞ்சு, உழுதவர்கள் பேசியது பழைய ஆங்கிலம். தொழுவத்தில் சேற்றோடு இருந்தவரை அதன் பெயர் ‘ஸ்வைன்’, மேசைக்கு வந்ததும் ‘போர்க்’. வால்டர் ஸ்காட் 1819-இல் வெளிவந்த ‘ஐவன்ஹோ’ நாவலில் பன்றி மேய்ப்பவனிடம் ஒரு விதூஷகனை விட்டு இதைச் சொல்லவைத்தார், அதிலிருந்து உலகம் முழுக்கப் பாடமாகிவிட்டது. உண்மை அவ்வளவு சுத்தமாக இல்லை. போர்க் என்ற சொல் சில நூற்றாண்டுகள் உயிருள்ள பன்றிக்கும் வழங்கியது, மெல்ல மெல்லத்தான் தட்டோடு ஒதுங்கியது. ஆனால் வளர்க்கிறவன் வாயில் ஒரு சொல், தின்கிறவன் வாயில் ஒரு சொல் என்று கடைசியில் நின்றது என்னவோ உண்மை.

தொல்காப்பியத்தில் இந்தப் பாகுபாடு இல்லை. பன்றிக்குட்டிக்கும் புலிக்குட்டிக்கும் ஒரே சொல், குருளை. யானைக்கு உரிய ‘களிறு’ என்ற பெயரை ஆண்பன்றிக்கும் சொல்லலாம், விலக்கில்லை என்கிறது அதன் மரபியல் என்ற பகுதி. யானையின் பட்டத்தைப் பன்றிக்கும் கொடுத்த மொழி இது. எப்போது முகம் சுளிக்கத் தொடங்கினோமோ!

இன்னொன்றையும் திருத்திக்கொள்ளுங்கள் அம்மா. ‘பிக்கிபேக்’ வந்தால் அங்கே பன்றியைத் தேடவேண்டாம். அது பழைய வடிவில் ‘பிக்-பேக்’ (pick-pack), முதுகில் மூட்டை சுமப்பது. பன்றி பின்னால் ஒலி மயக்கத்தில் ஏறிக்கொண்டது. நம் குழந்தைகள் சொல்வது என்ன? உப்புமூட்டை. அங்கேயும் மூட்டை, இங்கேயும் மூட்டை. முள்ளம்பன்றியையும் கவனியுங்கள். ஆங்கிலத்தின் ‘போர்க்குபைன்’ பழைய பிரெஞ்சில் முள்பன்றி என்பதுதான். யாரும் யாரிடமும் கடன் வாங்காமல் இருவரும் ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள்.

வேதியடுப்பு (செவ்வாய், மதியம் 1.15)

பட்டுக்குஞ்சம் படித்ததும் ஞாபகம் வந்தது. ‘பெண்பன்றியின் காதில் பட்டுப்பை செய்யமுடியாது’ என்று ஆங்கிலத்தில் ஒரு பழமொழி. மட்டமான பொருளிலிருந்து உயர்ந்தது வராது என்று பொருள். 1921-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் ஆர்தர் டி. லிட்டில் என்பவரின் வேதியியல் நிறுவனம் செய்தே காட்டிவிட்டது. சிகாகோ இறைச்சி ஆலையொன்றிலிருந்து பன்றிக் காதுகளை மட்டுமே காய்ச்சி எடுத்த 10 பவுண்டு ஜெலட்டின் வாங்கினார்கள். அதைக் கரைத்து, வடிகட்டி, மெல்லிய துளைகள் வழியே இழையாக இழுத்து, இறுகவைத்து, சாயம் போட்டு, நெய்து, பழங்காலச் சீமாட்டிகள் வைத்திருந்த மாதிரியில் பை தைத்தார்கள். அந்தப் பைகளில் ஒன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பறக்கும் பன்றிக்கும் இதே கதைதான். 1616-இல் அச்சான ஓர் அகராதியிலேயே ‘பன்றி வால் முன்னாக வானில் பறக்கும்’ என்ற பழமொழி இருக்கிறது. 1909 நவம்பர் 4 அன்று மூர்-பிரபசன் என்ற விமானி ஷெப்பித் தீவில் ஒரு பன்றிக்குட்டியைக் கூடையில் வைத்து இறக்கையின் தாங்குகம்பியில் கட்டி, ‘பறந்த முதல் பன்றி நான்’ என்று அட்டை மாட்டி, மேலே கொண்டுபோய்ப் பத்திரமாக இறக்கினார். பின்னாளில் அவர் பிரிட்டனின் போக்குவரத்து அமைச்சரும் ஆனார். முடியாது என்று சொல்லும் பழமொழி இரண்டு. இரண்டையும் மனிதர்கள் வேலை மெனக்கெட்டு உடைத்திருக்கிறார்கள். குதிரைக் கொம்பை வைத்தால் இந்தக் கதைகளுக்கு அடிக்குறிப்பு போடக்கூட இடமிருக்காது.

செவக்காடு (செவ்வாய், இரவு 9.30)

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

என் தாத்தா பன்றி வளர்த்தவர். கருப்புப் பன்றிகள், கொட்டகை வீட்டுக்குப் பின்னால். பள்ளியில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. அந்தச் சொல்லாலேயே கூப்பிட்டார்கள், ஒருநாள் வகுப்பு நடத்தியவரே கூப்பிட்டார். அதனால் பதிப்பாசிரியர் அந்தச் சொல்லுக்கு அஞ்சுவது எனக்குப் புரிகிறது. ஆனால் வட்டமிட்டு எடுத்துவிட்டால் அந்தச் சொல் வசவாக மட்டுமே மிஞ்சும். வசவில்லாத பன்றியை ஒரு தமிழ்ப் புத்தகத்திலாவது நான் பார்க்கவேண்டும்.

பழையபுத்தகம் ஐயா சொன்ன ஸ்வைன், போர்க் கதை எனக்குப் புதிதில்லை. இன்று நகரத்து உணவகங்களில் மெனுவில் ‘போர்க் ஃபிரை’ என்று தமிழில் அச்சடித்திருக்கிறது. பன்றி என்று போட்டிருந்தால் அந்த மேசையில் பாதிப் பேர் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். வளர்த்தவனுக்கு மட்டும் பழைய சொல்.

ஊரில் கல்யாணம் நடந்தால் மிச்சச் சோற்றையும் கழுநீரையும் தாத்தா சைக்கிளில் இரண்டு டின் கட்டி எடுத்துவருவார். பயனற்ற பேச்சை ஆங்கிலத்தில் ‘ஹாக்வாஷ்’ என்கிறார்கள், அது இந்தக் கழுநீர்தானே? அந்தக் கழுநீரைத் தின்றுதான் எங்கள் பன்றி கொழுத்தது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஒரு பன்றி விற்கும். எனக்கும் அக்காவுக்கும் நோட்டு, சீருடை, கட்டணம் எல்லாம் அதில்தான். விற்கிற அன்று பாட்டி கொட்டகைப் பக்கமே போகமாட்டார்.

சொல்தேடி அக்கா, அந்த அயர்லாந்துக்காரர் சொன்னது என்ன என்று இன்னும் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள்.

சொல்தேடி (செவ்வாய், இரவு 10.45)

தம்பி, நீங்கள் எழுதியதற்கு நன்றி. எழுதுகிறேன்.

இங்கிலாந்துக் குடிசைகளில் வசந்தத்தில் ஒரு குட்டி வாங்கி, சமையலறை மிச்சத்தைப் போட்டு வளர்த்து, நவம்பர் வாக்கில் அறுத்து, உப்பிட்டுத் தொங்கவிட்டுக் குளிர்காலம் முழுக்க உண்பார்கள். நம் உப்புக்கண்டம் மாதிரி. அதனால்தான் ‘பன்றியில் கத்தலைத் தவிர எல்லாம் உதவும்’ என்று அங்கே பேச்சு.

அயர்லாந்தின் ஏழைக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. வளர்த்த பன்றியை அவர்கள் உண்ணவில்லை, விற்றார்கள். விற்ற காசு நிலக்கிழாருக்குக் குத்தகையாகப் போனது. வீட்டில் இடமிருப்பதற்குக் காரணமே அந்தப் பன்றி என்பதால் மரியாதையாக ‘வாடகை கட்டும் கனவான்’ என்றார்கள். அவர்களும் உருளைக்கிழங்கு உண்டார்கள், பன்றிக்கும் உருளைக்கிழங்குதான். 1845-இல் கிழங்கில் நோய் விழுந்தபோது இருவர் தட்டும் ஒன்றாகக் காலியானது. பன்றிக்குப் போட ஒன்றுமில்லை, பன்றி போனது. பன்றி போனதால் குத்தகை நின்றது, குடிசையிலிருந்து வெளியேற்றினார்கள். கட்டுரையில் அந்தத் தொடர் பஞ்சத்துக்கு முந்தைய பத்தியில் வருகிறது. அதை எடுத்துவிட்டால் அடுத்த பத்தியில் என்ன இழந்தார்கள் என்றே தெரியாது.

‘கனவான்’ என்ற சொல் எனக்கே பிடிக்கவில்லை. புத்தகத்தில் மட்டும் இருக்கிற சொல்.

செவக்காடு (செவ்வாய், இரவு 11.20)

பாட்டி எங்கள் பெரிய பன்றியைத் துரை என்பார். “துரைக்குத் தண்ணி வெச்சியா?”, “துரை இந்த வருசம் ரெண்டு பேரையும் படிக்கவெச்சுட்டார்” என்பார். மரியாதைப் பன்மையோடுதான்.

கோவைவார்ப்பு (புதன், காலை 6.10)

அதையே வையுங்கள் அக்கா. வேறு தேடாதீர்கள்.

பழையபுத்தகம் (புதன், காலை 8.30)

பொருத்தம். அங்கே குத்தகை வாங்கினவனும் பெரும்பாலும் ஒரு துரைதான், இங்கே கட்டுகிறவரும் துரை. ஆங்கில மூலத்தில்கூட அந்த அடுக்கு இவ்வளவு தெளிவாக விழவில்லை. நான் சொன்ன எருமையையும் விளக்குமாற்றையும் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், இந்த இடத்தில் மாற்றுங்கள் என்று இனி சொல்லமாட்டேன்.

சொல்தேடி (வியாழன், மாலை 4.00)

பதிப்பாசிரியரோடு ஒரு மணி நேரம் பேசினேன். இந்த இழையையும் அனுப்பிவைத்தேன். வெறும் பேச்சு வழக்காக வருகிற இடங்களில் எருமைக்கும் பட்டுக்குஞ்சத்துக்கும் நானே ஒப்புக்கொண்டேன். முத்து பன்றியோடுதான் நிற்கும். பறக்கும் பன்றி பறக்கும், அடிக்குறிப்போடு. ஊதுலைக் கட்டுரையில் தாயும் குட்டிகளும் இருப்பார்கள்.

அந்தப் பத்தி இப்போது இப்படி இருக்கிறது: “குடிசையின் ஒரு மூலை பன்றிக்கு. அதை அவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. குத்தகை கட்டுகிற துரை என்பார்கள்.”

செவக்காடு தம்பி, நன்றியுரையில் உங்கள் பாட்டியைக் குறிப்பிட விரும்புகிறேன். பெயர் போடலாமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

செவக்காடு (வியாழன், இரவு 9.05)

பாட்டி இப்போது இல்லை அக்கா. அம்மாவிடம் கேட்டேன். போடச் சொன்னார். தனிமடலில் பெயர் அனுப்பியிருக்கிறேன்.